மாட்டாமல் விட்ட கொக்கி

சின்னதுரையோடு எனக்கு அறிமுகம் ஏற்பட்டதே சண்டையில்தான். ஏழு வருடங்களுக்கு முன்பு ஒரு காலையில், எங்கள் பள்ளிக்கூட வாசலில் இருந்த மின்கம்பத்தில் ஏறி ஒரு காக்கைக் கூட்டைப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். அதற்காகவே என்னை டீச்சர் வேலைக்கு அனுப்பியதாக வரதராஜன்பேட்டையில் எங்கள் வீட்டார் இன்றும் கேலி செய்வார்கள். "உங்க வூட்டை ஒருத்தன் இப்படிப் பிச்சுப் போட்டா பார்த்துக்கிட்டு நிப்பீங்களா?" என்று கீழே நின்று கத்தினேன்.

அவர் இறங்கி வந்தார். கூட்டை என் காலடியில் வைத்துப் பிரித்துக் காட்டினார். குச்சியைவிடக் கட்டுக்கம்பிதான் அதிகம் இருந்தது. வீடு கட்டுகிற இடங்களில் காக்கை பொறுக்கி வந்த துண்டுகள்.

"இதுல ஒண்ணு சரிஞ்சு லைன்ல பட்டா, காக்காவும் போச்சு, உங்க ஸ்கூல் கேட்டைத் தொடுற புள்ளையும் போச்சு டீச்சர். முட்டை வச்ச கூடுன்னா தொட மாட்டேன். இது காலிக் கூடு" என்றார்.

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் என்னிடம் இல்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினேன். குடித்துவிட்டு, "அந்தா, டிரான்ஸ்பார்மர் மேல வாலை ஆட்டிக்கிட்டு உக்காந்துருக்கே, கறுப்பா, அது என்ன குருவி?" என்று கேட்டார். கரிச்சான் என்றேன். "இருபது வருசமா என்னை மண்டையில கொத்துது, இன்னைக்குத்தான் பேர் தெரிஞ்சுது" என்று சிரித்தார்.

சின்னதுரை குரும்பலூர்க்காரர், லைன்மேன். ஒப்பந்தக் கூலியாகக் குழி வெட்ட வந்து, கம்பம் ஏறக் கற்று, பிறகு நிரந்தரமானவர். அவருடைய இடது கையில் சுண்டுவிரலும் மோதிரவிரலும் பாதிதான் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருடம், கரண்ட்டை நிறுத்திவிட்டுக் கம்பத்தில் ஏறியிருக்கிறார். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் மெயினை ஆஃப் செய்யாமல் யாரோ ஜெனரேட்டரை ஓட விட்டார்கள். அந்தக் கரண்ட் மண்டபத்து ஒயர் வழியே பின்னோக்கிப் போய், செத்துக் கிடந்த லைனில் ஏறிவிட்டது. "முன்னாடி வர்ற கரண்ட்டை நிறுத்திடலாம் டீச்சர். பின்னாடி வர்றதுதான் ஆளைத் தின்னுரும்" என்று அவர் சொல்லும்போது பாதி விரல்களை மடக்கிக்கொள்வார்.

அதற்குத்தான் எர்த் ராடு இருக்கிறது. நீளமான கழி, அதன் முனையில் கொக்கி, கொக்கியிலிருந்து மண்ணுக்கு இறங்கும் ஒயர். கைவைக்கப் போகும் கம்பிகளில் அந்தக் கொக்கியை மாட்டிவிட்டால், எந்தப் பக்கமிருந்து கரண்ட் வந்தாலும் ஆளைத் தொடாமல் மண்ணுக்குப் போய்விடும். அந்த விபத்துக்குப் பிறகு மாட்டாமல் அவர் ஏறியதில்லை. புதிதாக வேலைக்கு வருகிறவர்களை இந்த ஒரு விஷயத்துக்காக ஓங்கி அறைந்தும் இருக்கிறார்.

பறவை பார்க்க நான் வைத்திருந்த பைனாகுலரைக் கண்டதும் அவருக்கு முதலில் தோன்றியது, கம்பி தாங்கும் பீங்கானில் கீழே நின்றே விரிசல் தேடலாமே என்பதுதான். ஒரு வாரம் கடன் கேட்டு வாங்கிப் போனார். திருப்பித் தரும்போது ஒரு தாளில் பதினெட்டுப் பறவைகளின் அடையாளம் எழுதியிருந்தது. பெயர் ஒன்றுக்கும் தெரியாது. எந்தக் கம்பம், கம்பத்தின் எண், எத்தனை மணி என்று மட்டும் தவறாமல் இருந்தது. அதோடு ஞாயிற்றுக்கிழமைகளில் நானும், பெரம்பலூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் மணிமாறனும், சின்னதுரையும் ஒன்றாகக் கிளம்பத் தொடங்கினோம். குளிர்காலத்தில் கரைவெட்டி சரணாலயத்துக்கு வாத்து பார்க்கப் போவோம். மற்ற நாட்களில் பக்கத்து ஏரிகளே போதும்.

அவர் மனைவி புஷ்பவல்லி எங்களுக்குத் தூக்குவாளியில் புளிச்சோறு கட்டித் தருவாள். ஒருநாள் அவள் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னாள்: "வாரத்துல இந்த ஒரு நாளுதான் டீச்சர் எனக்கு நிம்மதி. குருவியைப் பார்க்குறவரு கம்பத்துல இருக்க மாட்டாருல்ல."

எங்கள் மூவருக்கும் விதி ஒன்றுதான். கூட்டுக்கு அருகே வாய் திறக்கக் கூடாது. எல்லாம் கைச்சாடைதான். வலது கையை உயர்த்தினால் நில், பறவை மிரள்கிறது என்று அர்த்தம். இரண்டு கைகளையும் உயர்த்தினால் உடனே திரும்பி வா. மணிமாறன் ஒருமுறை தும்மியதற்கு நான் அவனோடு ஒரு மாதம் பேசவில்லை.

போன வருடம் மாசி மாதம் இந்த விதிதான் எங்களை மாட்டிவிட்டது.

குரும்பலூருக்கு மேற்கே ஓர் ஏரி. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அடுத்த வாரமே கேமராவைத் தூக்கிக்கொண்டு கூட்டம் வந்துவிடும். அதன் கரை ஓரமாகப் போகும் உயரழுத்த லைனில் ஓர் இரட்டைக் கம்பம் இருக்கிறது. அதன் குறுக்குச் சட்டத்தில் ஒரு ஜோடி அரிவாள்மூக்கன் கூடு கட்டியது. காக்கையைவிடப் பெரிய கறுப்புப் பறவை, அரிவாள் போல வளைந்த மூக்கு, உச்சந்தலையில் சிவப்பு. முதலில் கண்டவர் சின்னதுரைதான். மூன்று குஞ்சுகள் பொரிந்தன. தினமும் லைன் பார்க்கப் போகிற சாக்கில் போய்ப் பார்த்துவிட்டு, "மூணும் நல்லாருக்கு" என்று எனக்குப் போன் செய்வார்.

குஞ்சுகளுக்கு மூன்று வாரம் ஆனபோது ஆண் பறவை செத்தது. கூட்டிலிருந்து கிளம்பும்போது விரித்த இறக்கை இரண்டு கம்பிகளில் ஒரே நேரத்தில் பட்டுவிட்டது. லைன் மொத்தமும் நின்றுபோய், ஆறு கிராமத்துக்கு அரை நாள் மின்சாரம் இல்லை. நான்கு நாள் கழித்து, தாய்ப்பறவையின் சிறகு உரசி மறுபடியும் நின்றது. அது எப்படியோ பிழைத்துக்கொண்டது. ஆனால் விவசாயிகள் பொறுக்கவில்லை. சின்ன வெங்காயம் காய் பிடிக்கிற நேரம். ஏரிக்குக் கிழக்கே இரண்டு ஏக்கர் வெங்காயம் போட்டிருந்த ராஜராஜன் முன்னால் நின்று மனு எழுதிக் கொடுத்தார். கூட்டை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவர்களே எடுப்பார்கள்.

பிரிவு அலுவலகத்தில் இருந்த இன்ஜினியர் மேடம் நல்லவர்தான். கம்பிக்கு மாட்டுகிற காப்பு உறை, வேறு வேலைக்கு வந்ததில் மிச்சம் மூன்று இருப்பதாகச் சொன்னார். மாதாந்திரப் பராமரிப்புக்காக வியாழக்கிழமை காலை ஒன்பதிலிருந்து இரண்டு மணிவரை மின்தடை. அதற்குள் மூன்று கம்பிகளுக்கும் உறை மாட்டி முடித்துவிட்டால் கூடு இருக்கலாம். முடியாவிட்டால் அன்றைக்கே கூட்டை இறக்க வேண்டும். இறக்குவது யார் என்று அவர் சொல்லவில்லை. அது சின்னதுரையின் கம்பம். குஞ்சுகள் பறக்க இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

வியாழக்கிழமை நான் லீவு போட்டேன். மணிமாறன் கடையைப் பூட்டிவிட்டு வந்து, ஆடுமாடும் ஆளும் வராமல் பார்க்க ஏரிக்கரையின் அந்தக் கோடியில் நின்றான். சின்னதுரையோடு வேலை பார்க்கும் தமிழழகன் அரை மைல் தள்ளி, லைனைத் துண்டித்த சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டு அங்கேயே காவல் இருந்தான். நான் கம்பத்திலிருந்து அறுபது அடி தள்ளி, வேப்பமரத்தடியில் பைனாகுலரோடு. சின்னதுரையின் செல்போனும் என் கைப்பையில். கூட்டருகே அடித்துவிடக் கூடாது என்று அவரே கொடுத்துவிட்டார்.

ஒன்பதரைக்கு அவர் ஏணியைக் கம்பத்தின் அந்தப் பக்கம் சாத்தினார். அப்படி ஏறினால் அவர் முகம் என்னைப் பார்த்து இருக்கும், என் சாடை தெரியும். பாதி ஏறி, எர்த் ராடைத் தூக்கினார். கழியின் நிழல் கூட்டின் மேல் விழுந்ததுதான் தாமதம், மூன்று குஞ்சுகளும் எழுந்து கூட்டின் விளிம்புக்கு வந்துவிட்டன. பெரியது இறக்கையை அடித்தது. இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் கீழே விழும். நான் வலது கையை உயர்த்தினேன்.

அவர் நின்றார். கழியை இறக்கினார். குஞ்சுகள் பின்வாங்கி உட்கார்ந்தன. மறுபடியும் தூக்கினார். மறுபடியும் விளிம்புக்கு வந்தன. மறுபடியும் என் கை உயர்ந்தது. மூன்றாவது முறை, அவர் குஞ்சுகளையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். பிறகு ராடைக் கம்பத்தோடு சாய்த்து வைத்துவிட்டு, டெஸ்டரை மட்டும் கம்பிக்கருகே நீட்டிப் பார்த்துவிட்டு, வெறுமனே ஏறினார்.

எனக்குத் தெரியும். தெரியாது என்று சொன்னால் பொய். அந்தக் கொக்கி எதற்கு என்று அவர் விரலைக் காட்டி அவர் வாயாலேயே கேட்டவள் நான். சுவிட்சுக்குத்தான் பூட்டுப் போட்டிருக்கிறதே, தமிழழகன் நிற்கிறானே என்று நினைத்துக்கொண்டேன். குஞ்சுகள் அமைதியாகிவிட்டன என்பதில் எனக்கு மகிழ்ச்சி. என் சாடை வேலை செய்தது என்பதில் கொஞ்சம் பெருமைகூட.

முதல் கம்பிக்கு உறை மாட்ட ஒரு மணி நேரம் ஆனது. கையுறை போட்டால் உறையின் கிளிப் விரலுக்குள் நிற்கவில்லை என்று கழற்றிவிட்டார். இரண்டாவது முடியும்போது மணி பதினொன்று. அப்போது தாய்ப்பறவை திரும்பி வந்து, ஆளைக் கண்டு கத்திக்கொண்டே வட்டமடித்தது. தனியாக மூன்று குஞ்சுக்கு இரை தேடும் பறவை. சின்னதுரை இறங்கி வேப்பமரத்தடிக்கு வந்துவிட்டார். அது ஊட்டி முடிக்கட்டும் என்று அரைமணி நேரத்துக்கும் மேலாகக் காத்திருந்தோம். வார்த்தை பேசவில்லை. புஷ்பவல்லி கொடுத்தனுப்பிய மோரைக் குடித்தார். இன்னும் ஒரு கம்பிதான் என்று ஒற்றை விரலைக் காட்டினார்.

தாய் மறுபடி இரை தேடப் போனதும் அவர் எழுந்தார். மூன்றாவது கம்பி மறுபக்கம் இருந்ததால், இந்த முறை ஏணியை என் பக்கமாகச் சாத்தினார். ஏறியபோது அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது. டெஸ்டரை அவர் எடுக்கவில்லை. காலையில் பார்த்த லைன்தானே என்று நினைத்திருப்பார்.

அந்த நேரத்தில்தான் கொக்குகள் என் தலைக்கு மேல் போயின. முதலில் ஐந்து, பிறகு ஒன்பது. எண்ணுவது எனக்குப் பழகிப்போன நோய். எங்கே போகின்றன என்று பைனாகுலரைத் திருப்பினேன். கிழக்கே, ஒரே இடத்தில் இறங்கின. அங்கே ஏற்கெனவே முப்பது இருந்தன. வாலாட்டிக் குருவிகளும் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல கூட்டம். நாற்பத்து நான்கு என்று மனதுக்குள் குறித்தேன்.

உச்சி வெயிலில், காய்ந்த வெங்காய வயலில் கொக்குக்கு என்ன வேலை? தண்ணீர் பாய்ந்தால்தான் மண்ணுக்குள்ளிருந்து பூச்சி வெளியே வரும், கொக்கு கூடும். ஏரி மதகு மூடியிருந்தது. கரண்ட் ஒன்பது மணியிலிருந்து இல்லை. பிறகு தண்ணீர் எங்கிருந்து வரும்?

பைனாகுலரை இன்னும் கொஞ்சம் தள்ளினேன். ராஜராஜன் கிணற்றுக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டார் கொட்டகை வாசலில் கருநீலமாக ஒரு பெட்டி, அதிலிருந்து புகை. ஜெனரேட்டர். காற்று மேற்கிலிருந்து அடித்ததால் எனக்குச் சத்தமே வரவில்லை.

அவர் கிணற்றுக்குக் கரண்ட் போவது பூட்டுக்கு இந்தப் பக்கம், இதே லைனிலிருந்துதான். கொட்டகைக்குள் மெயினை அவர் ஆஃப் செய்திருந்தால் ஒன்றும் இல்லை. செய்யாவிட்டால்?

நான் எழுந்து நின்று இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

இதை எழுதும்போது இப்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. ஒரு மனிதரின் முதுகைப் பார்த்து இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றேன். ஏழு வருடப் பழக்கம். கூட்டருகே வாய் திறக்காதே என்று அத்தனை பேருக்கும் சொல்லிச் சொல்லி, என் வாயே பூட்டிக்கொண்டது. அவர் பெல்ட்டைக் கம்பத்தில் மாட்டினார். உறையைத் தோளிலிருந்து எடுத்தார். வலது கை கம்பியை நோக்கிப் போனது. ஒரு சாண் தூரம் இருந்திருக்கும்.

"சின்னதுரை! தொடாதே! தொடாதேய்யா! ஜெனரேட்டரு!"

அண்ணே என்றுதான் எப்போதும் அழைப்பேன், வாங்க போங்க என்றுதான் பேசுவேன். எல்லாம் எங்கோ போய்விட்டது. அவர் கை அந்தரத்தில் நின்றது. குஞ்சுகள் மூன்றும் ஒரே நேரத்தில் எழுந்தன. பெரியது விளிம்பைத் தாண்டி இறக்கையை அடித்துக்கொண்டே கீழே கருவேல முள்ளுக்குள் விழுந்தது. விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது.

அவர் கையை மெதுவாக இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். முகம் கறுத்திருந்தது. "ஏன் டீச்சர் கத்துனீங்க? பெருசு வுழுந்துருச்சே" என்றார்.

நான் கிழக்கே கையைக் காட்டினேன். அவர் பைனாகுலரை வாங்கிப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார். பிறகு அதை என்னிடம் கொடுத்துவிட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு, சாய்த்து வைத்திருந்த எர்த் ராடை எடுத்தார். குஞ்சுகளை இந்த முறை பார்க்கவில்லை. ஒயரை மண்ணில் இறுக்கிவிட்டு, பாதி ஏணியில் நின்று, கொக்கியை அந்த மூன்றாவது கம்பியை நோக்கி நீட்டினார்.

படீர் என்றது. நீலமாக ஒரு வெளிச்சம் கொக்கியில் பற்றி அணைந்தது. கிழக்கே புகை நின்றது.

ஏணியிலிருந்து இறங்கியவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் பாட்டிலைத் திறக்க முடியாமல் என்னிடம் நீட்டினார். எனக்கு அழுகை வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. "என் கையைப் பார்த்துட்டு ராடைக் கீழ வைப்பீங்களா? நான் யாரு உங்களுக்கு? புஷ்பவல்லிக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?" என்று கேட்டுக்கொண்டே போனேன். அவர் ராடைக் கீழே வைத்ததற்கு என் கைதான் காரணம் என்பது எனக்கும் தெரியும்.

ஜெனரேட்டர் ஏன் நின்றது என்று தெரியாமல், திட்டிக்கொண்டே ராஜராஜன் கரைமேல் ஓடி வந்தார். கம்பத்தடியில் உட்கார்ந்திருந்தவரையும் கம்பியில் தொங்கிய கொக்கியையும் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "பயிரு வாடுதேன்னு அவசரத்துல மெயினை ஆஃப் பண்ண மறந்துட்டேன் சின்னதுரை" என்றார். சின்னதுரை தன் இடது கையை அவர் முகத்துக்கு நேரே நீட்டி, பாதி விரல்களைக் காட்டினார். "போயி ஆஃப் பண்ணிட்டு வாங்க. மூணாவது கம்பி பாக்கி இருக்கு" என்றார்.

கூடவே மணிமாறனை அனுப்பிப் பார்த்துவரச் சொன்னார். பிறகு மூன்று கம்பிகளிலும் கொக்கி மாட்டினார். மீதமிருந்த இரண்டு குஞ்சுகளும் மிரண்டன, விளிம்புக்கு வந்தன, பின்வாங்கின. விழவில்லை. காலையிலும் விழாமல்தான் இருந்திருக்கும். ஒன்றரை மணிக்கு வேலை முடிந்தது. முள்ளுக்குள்ளிருந்து மணிமாறன் எடுத்து வந்த குஞ்சின் கழுத்து மடிந்திருந்தது. ஏரிக்கரையில் புதைத்தோம். மற்ற இரண்டும் பதினாறாம் நாள் பறந்தன.

புஷ்பவல்லியிடம் அவர் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. அடுத்த மாதம் ராஜராஜன் ஒரு மூட்டை வெங்காயம் கொண்டுவந்து அவர்கள் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே சாப்பிட உட்கார்ந்தபோது அவள் என்னிடம் கேட்டாள்: "ஏன் டீச்சர், இவரு மத்த வெங்காயமெல்லாம் தின்னுறாரு. ராஜராஜன் அண்ணன் குடுத்ததைப் போட்டா மட்டும் ஒதுக்கி வைக்கிறாரே?"

சின்னதுரை தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், என் கை உயர்ந்ததையும் சேர்த்து. புஷ்பவல்லி கரண்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனவள், நாங்கள் கிளம்பும்வரை வரவில்லை. மூன்று மாதம் எங்களுக்குப் புளிச்சோறும் வரவில்லை.

இந்த மாசியில் அரிவாள்மூக்கன் அதே கம்பத்துக்குத் திரும்பி வந்தது, புதுத் துணையோடு. மறுபடியும் மூன்று குஞ்சுகள். வெயிலில் ஓர் உறை வெடித்திருந்ததால், மின்தடை நாளில் அதை மாற்ற வேண்டியிருந்தது. வேப்பமரத்தடியில் நான் போய் நின்றபோது, புஷ்பவல்லி எனக்கு முன்பே அங்கே இருந்தாள். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

சின்னதுரை ஏணியில் பாதி ஏறி எர்த் ராடைத் தூக்கினார். கூட்டின் மேல் நிழல் விழுந்தது. மூன்று குஞ்சுகளும் எழுந்து விளிம்புக்கு வந்தன. என் வலது கை தானாக மேலே போனது.

புஷ்பவல்லி அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள். "அவரு மாட்டட்டும் டீச்சர்."

மூன்றாவது கம்பியிலும் கொக்கி விழும்வரை அவள் என் கையை விடவில்லை.